கப்பலேறும்போது கையில் இருந்தது என்ன?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், மதுரை ஹார்விபட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை.)

கேள்வி: டீச்சர், என் மகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். "இங்கே ஸ்காட்லாந்து வம்சாவளிக்காரர்களும் ஜப்பான் வம்சாவளிக்காரர்களும் நல்லா இருக்காங்கப்பா. உழைப்பும் ஒழுக்கமும் அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்கிறான். இந்த இரண்டு கூட்டமும் எப்படி முன்னுக்கு வந்தது? இதில் யார் மேலே? (திருமங்கலம் வாசகர்)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். "ரத்தத்திலேயே" என்ற சொல்லைத் தாண்டி மனசு நகரவில்லை. அதை அப்புறம் பேசுவோம், முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்று ஓர் ஊர். கைத்தறியில் லினன் துணி நெய்வதற்குப் பேர்போனது. அங்கே ஒரு தறிக்காரர் வீட்டில் 1835-ல் பிறந்தவர் ஆண்ட்ரூ கார்னகி. நீராவித் தறி வந்தது, அப்பாவின் தறி ஓய்ந்தது. அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தறிக்காரர் நிறைந்த செல்லூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இருந்ததை விற்றும் காசு போதவில்லை. தெரிந்த அம்மா ஒருவரிடம் 20 பவுண்டு பணம் கடன் வாங்கி 1848-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஏற்கெனவே குடியேறியிருந்த சித்திமார் தங்க இடம் கொடுத்தார்கள். பையனுக்கு 13 வயதில் பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் வேலை, வாரக்கூலி 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி ஆபீஸ், ரயில்வே, அதன் பிறகு எஃகு. 1901-ல் அவர் தன் எஃகுத் தொழிலை விற்றபோது விலை 48 கோடி டாலர். உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டிக் கொடுத்தார். அந்த ஆளின் ஆலையில்தான் 1892-ல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளோடு துப்பாக்கிச் சண்டை நடந்து உயிர்கள் போயின. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எல்லா ஸ்காட்லாந்துக்காரரும் கார்னகி ஆகவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுவாக மூன்று வசதிகள் இருந்தன. ஒன்று, எழுத்து. 1696-லேயே ஸ்காட்லாந்தில், நிலச்சுவான்தார்கள் செலவில் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மலைநாட்டில் அது அரைகுறைதான் என்றாலும் தாழ்நிலப் பகுதியில் தறிக்காரர் பிள்ளையும் வாசிக்கத் தெரிந்தே வளர்ந்தது. இரண்டு, மொழி. தாழ்நிலத்துக்காரர் பேச்சு அமெரிக்காவில் புரிந்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. "சுதந்திரமான வெள்ளையர்" குடியுரிமை பெறலாம் என்று 1790-லேயே அமெரிக்கா சட்டம் எழுதி வைத்திருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர் சில ஆண்டு காத்திருந்தால் போதும், ஓட்டு, நிலம், பதவி எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. கனடாவில் இன்னும் வேகம்: 1867-ல் முதல் பிரதமரான ஜான் மெக்டொனால்ட் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருக்கு அடுத்த பிரதமர் அலெக்சாண்டர் மெக்கன்சியும் ஸ்காட்லாந்துக்காரர்தான், கல்தச்சராகப் பிழைப்பைத் தொடங்கியவர்.

இப்போது ஜப்பான் பக்கம் வாருங்கள். 1885-ல் ஜப்பான் அரசும், அப்போது தனி நாடாக இருந்த ஹவாய் அரசும் பேசி ஒப்பந்தம் போட்டு ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் ஹிரோஷிமா, யமகுச்சி, குமமோட்டோ பக்கத்துச் சம்சாரிகள். ஜப்பான் 1872-லேயே பள்ளிக் கல்விக்கு ஆணை போட்டுவிட்டதால் இவர்களிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. உழைப்பில் குறையே சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் யாரும் சீண்டாத மண்ணைத் திருத்தி ஸ்ட்ராபெரியும் காய்கறியும் விளைவித்தார்கள்.

விளைந்ததும் சட்டம் வந்தது. 1913-ல், குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா அறிவித்தது. சட்டத்தில் ஜப்பான் என்ற பெயரே இல்லை. இருந்தாலும் யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் பிறந்த கைக்குழந்தை பெயரில் பத்திரம் போட்டு நிலத்தைக் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு. 1922-ல் தகாவோ ஓசாவா என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெர்க்லியில் பள்ளிப் படிப்பை முடித்தவர், 20 ஆண்டாக அமெரிக்க மண்ணிலேயே வாழ்ந்தவர், வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசியவர். நீங்கள் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. 1924-ல் ஜப்பானியர் வருகையே அடைக்கப்பட்டது.

ஜப்பானோடு போர் மூண்ட பிறகு, 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேரைக் கையில் தூக்கக்கூடிய சாமான்களோடு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கடை, படகு, பயிர் எல்லாம் கேட்ட விலைக்குப் போயின. ஹவாய்த் தீவுகளில் மட்டும் மொத்தமாக அடைக்கவில்லை. அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான். அத்தனை பேரையும் அடைத்தால் வேலைக்கு ஆள் எங்கே?

போர் முடிந்து வெளியே வந்தபோது பட்டம் படித்த பிள்ளைகள் லாஸ் ஏஞ்சல்ஸில் அடுத்தவர் வீட்டுப் புல்தரை வெட்டினார்கள். முதல் தலைமுறைக்குக் குடியுரிமை கிடைத்ததே 1952-ல்தான். 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தந்தது. அதற்குள் முதல் தலைமுறையில் பெரும்பாலோர் கண்ணை மூடிவிட்டார்கள். முகாமில் சிறுவனாக இருந்த நார்மன் மினெட்டா 2001-ல் அமெரிக்காவின் போக்குவரத்து அமைச்சர் ஆனார்.

யார் மேலே என்று கேட்டீர்கள். இன்றைக்கு இரண்டு வம்சாவளியின் குடும்ப வருமானமும் அமெரிக்க நடுமட்டத்துக்கு மேலேதான். எண்களை வைத்துத் தரவரிசை போடுமுன் ஒன்றைப் பாருங்கள். ஜப்பான் வம்சாவளியினர் அதிகம் இருப்பது கலிபோர்னியாவிலும் ஹவாயிலும். சம்பளமும் வாடகையும் உச்சத்தில் இருக்கிற இடங்கள். ஸ்காட்லாந்து வம்சாவளியினர் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். மதுரை அண்ணா நகர் வீட்டு வருமானத்தையும் பேரையூர் வீட்டு வருமானத்தையும் பக்கத்தில் வைத்தால் எது வசதியான குடும்பம் என்று உடனே சொல்லிவிட முடியுமா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "நான் ஸ்காட்லாந்து வம்சம்" என்று கணக்கெடுப்பில் எழுதுகிறவர், நாலு பாட்டன் பாட்டிகளில் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். ஜப்பான் முகத்தோடு நடந்தவருக்கு அந்தத் தேர்வே இருக்கவில்லை, 1942-ல் எந்தப் பாட்டி என்று யாரும் கேட்கவும் இல்லை. என் கணக்கில், வந்து சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்று. நடந்த தூரம் ஒன்றல்ல.

கேள்வி: ரத்தம் என்று சொல்ல வேண்டாம், சரி. பண்பாடு என்று சொல்லலாம் அல்லவா? சிக்கனம், படிப்பில் அக்கறை, பெரியவர் சொல் கேட்பது இவையெல்லாம்தானே ஒரு சமூகத்தை உயர்த்துகிறது? (மதுரை வாசகி, கல்லூரி ஆசிரியை)

படிப்பில் அக்கறை உதவும். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான், மறுக்க மாட்டேன். ஆனால் அதே பண்பாடு இடம் மாறியதும் என்ன ஆனது என்று பாருங்கள்.

1908-ல் கசாட்டோ மாரு என்ற கப்பல் 781 ஜப்பானியரை பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் இறக்கியது. காப்பித் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள். சொன்ன கூலி கிடைக்காமல் நிறையப் பேர் தோட்டத்தை விட்டு ஓடினார்கள். ஓடியவர்களுக்கு பிரேசிலில் நிலம் வாங்கத் தடை இல்லை. அங்கே பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடிமகன். காசு சேர்த்துக் காடு வாங்கித் திருத்தினார்கள். இரண்டு தலைமுறையில் சாவ் பாவ்லோ நகரில் டாக்டர், இன்ஜினியர் என்று வந்தார்கள். ஜப்பானுக்கு வெளியே ஜப்பான் வம்சாவளியினர் மிக அதிகமாக இருக்கும் நாடு இன்று பிரேசில்தான்.

1990-ல் ஜப்பான் தன் குடிவரவுச் சட்டத்தைத் தளர்த்தி இவர்களைத் திரும்ப அழைத்தது. பூர்வீக நாடு, பூர்வீக ரத்தம், பூர்வீகப் பண்பாடு! அங்கே போனவர்களுக்குக் கிடைத்தது ஹமமட்சு போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை. பிள்ளைகள் ஜப்பானிய மொழி வராமல் பள்ளியில் தத்தளித்தார்கள், பாதியில் நின்றவர்கள் ஏராளம். 2009 பொருளாதார நெருக்கடியில் வேலை போனபோது, ஊர் திரும்பினால் வேலையிழந்தவருக்கு 3 லட்சம் யென் தருகிறோம் என்றது ஜப்பான் அரசு. பிரேசிலில் "உழைப்பாளி ஜப்பானியர்" என்று பேர் வாங்கிய அதே ஆட்கள்தான் ஜப்பானில் "பிரச்சினை பண்ணும் பிரேசில்காரர்" ஆனார்கள்.

ஸ்காட்லாந்திலும் இதே பாடம் உண்டு. மலைநாட்டுச் சம்சாரிகளை ஆட்டுக் கிடைக்காக நிலச்சுவான்தார்கள் விரட்டினார்கள். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீட்டுக் கூரைக்கே தீ வைத்தார்கள். அப்படி விரட்டப்பட்ட கேலிக் மொழிக்காரர்கள் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் கரை ஒதுங்கினார்கள். நல்ல மண் முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட, மிஞ்சியது கல்லுக்காடும் நிலக்கரிச் சுரங்கமும். 1925-ல் சுரங்கத் தொழிலாளிகள் பட்டினியோடு வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூடு வாங்கினார்கள். 2001-ல் அரசு நடத்திய கடைசிச் சுரங்கமும் மூடியது, பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். இவர்களும் கார்னகியும் ஒரே நாட்டுக்காரர்கள்தான். அம்மா, உங்கள் மாணவிகளுக்கு இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவிட்டு, "பண்பாடு எங்கே மாறியது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்து, ஜப்பான் இருக்கட்டும். எங்கள் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் மாடாய் உழைத்தார்கள். ஏன் அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்? (வாடிப்பட்டி வாசகர்)

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பல வருஷமாகக் காத்திருக்கிறேன், தம்பி.

கார்னகி பிறந்த அதே 1835-ல் ஸ்காட்லாந்தின் கின்கார்டின் பக்கம் இன்னொரு பையன் பிறந்தான், ஜேம்ஸ் டெய்லர். 1852-ல் இலங்கைக்குக் கப்பலேறி வந்தவர். காப்பித் தோட்டங்கள் கோலோச்சிய காலம் அது. 1867-ல் கண்டிக்கு மேலே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அடுத்த சில வருஷத்தில் காப்பி நோய் வந்து காப்பியை அழிக்க, தீவெங்கும் தேயிலை பரவியது. அந்தச் செடிகளை நட்ட கை யாருடையது? மதுரை, ராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போன நம் சனங்களுடையது. மழை பொய்த்த வருஷத்தில், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணத்தோடு ஊருக்குள் வருவார். ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியில் மாத்தளைக்கு நடை. காலராவும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைத் தின்றன.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதே தலையில் கடன். தோட்டம் மாற நினைத்தால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. கடன் கட்டப் புதுத் தோட்டத்தில் கடன். 1921-ல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இருந்தது லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அது தோட்டத்தின் சொத்து. பள்ளிக்கூடம் என்றால் ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தால்தான் அன்றைய கூலி.

இதன் பிறகு வந்ததுதான் மேலே ஓசாவாவுக்கு நடந்ததற்குச் சமம். சுதந்திரம் வாங்கிய அதே 1948-ல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்றது. லயத்தில் பிறந்தவருக்கு ஏது எழுத்து? பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள், அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கடைசிக் குடும்பம் வரை தீர்வு தரும் சட்டம் வர 2003 ஆயிற்று.

என் அம்மா அட்டன் பக்கத்து லயத்தில் பிறந்தவர். அம்மாவின் பாட்டனார் கங்காணியோடு போனவர். கல்யாணம் அம்மாவை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. அப்பா ஹார்வி மில்லில் நூற்பு வேலை. ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களே. மாமாவின் சிறுவயதில் தோட்டத்தில் இருந்த பெரிய துரையும் அந்த நாட்டுக்காரர். ஆக, எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்காட்லாந்துக்காரர் கொடுத்த கூலிதான்.

அம்மாவும் மாமாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு பேரும் அதே தோட்டப் பள்ளியில் ஐந்து வரை படித்தவர்கள். உழைப்பிலோ சிக்கனத்திலோ இவர் மேல், அவர் கீழ் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்குச் சங்கம் இருந்தது, ஓட்டு இருந்தது, ஹார்விபட்டியில் வாங்கிய வீட்டுக்கு அவர் பெயரில் பத்திரம் இருந்தது. அந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் என்னை பி.எட். படிக்க வைத்தார். அண்ணன் பாங்க் உத்தியோகத்துக்குப் போனார்.

மாமா 1972-ல் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கினார். நானும் அம்மாவும் மண்டபம் முகாமுக்குப் பார்க்கப் போனோம். ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி, அத்தையின் காதில் ஒன்றுமில்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மூன்று தலைமுறை உழைத்த இடத்திலிருந்து கொண்டுவந்தது அவ்வளவுதான். விற்பதற்கு ஒரு சென்ட் நிலம்கூட அவர்கள் பெயரில் இருக்கவில்லை. பிறகு கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மறுபடி கொழுந்து, மறுபடி லயம். மாமா பிள்ளைகளில் மூத்தவன் எட்டோடு நின்றான். கடைக்குட்டி மட்டும் நர்ஸ் படித்தாள், அதுவும் இங்கே எங்கள் வீட்டில் தங்கி.

மாமா வீட்டில் ரத்தம் வேறா தம்பி? அம்மாவை வைத்துக்கொண்டு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். இலங்கை மலையகத்திலேயே தங்கியவர்களின் பிள்ளைகளும், 1970-களில் தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, ஆசிரியர்களாகவும் வக்கீல்களாகவும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கதவு திறந்த அன்றைக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஆனால் லயத்து வீட்டுக்கு இன்றும் பெரும்பாலோரிடம் பத்திரம் கிடையாது. அந்த இரண்டு ஸ்காட்லாந்துப் பையன்களோடும் அந்த ஜப்பான் சம்சாரியோடும் நம் சனங்களை ஒப்பிட வேண்டும் என்றால், இந்தப் பத்திரத்தையும் ஓட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வங்கிக் கடன் கிடைக்காத ஜப்பானியர் முதலுக்கு என்ன செய்தார்கள்? (விருதுநகர் வாசகி)

சீட்டுப் பிடித்தார்கள் அம்மா! அவர்கள் மொழியில் "தனோமோஷி". ஒரே ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் மாதாமாதம் பணம் போடுவார்கள், ஏலத்திலோ குலுக்கலிலோ ஒருவர் எடுப்பார். லாண்டரி, மளிகைக் கடை, மீன்பிடிப் படகு எல்லாம் இந்தப் பணத்தில் வந்தவை. உங்கள் ஊர் உறவின்முறையும், வியாபாரிகள் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கிய மகமையும் என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையே மகமைப் பணத்தில் நடந்ததுதான். தோட்டத்து லயங்களிலும் நம் பெண்கள் சீட்டுப் பிடித்தார்கள். ஆனால் எடுத்த பணத்தில் கடை போட அங்கே இடம் ஏது, கங்காணிக் கடையும் தோட்டத்துக் கடையும் தவிர? அது காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போனது.

கேள்வி: எங்கள் அப்பத்தா இலங்கையிலிருந்து வந்தவர். பரணில் அவருடைய பழைய காகிதங்கள் கிடக்கின்றன. எடைக்குப் போடலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

போட்டுவிடாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மண்டபம் முகாம் தாள் என்று எது இருந்தாலும் ஈரம் படாமல் எடுத்து, போனில் இரண்டு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு இருந்தால் அழிக்க வேண்டாம். அப்பத்தா இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி பெயர் என்ன, ஊரை விட்டுப் போகும்போது முன்பணம் எவ்வளவு. நகல் ஒன்றை எனக்கும் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். மாமாவின் தகரப் பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, அவருடைய பாட்டனார் காலத்தது. அதில் தோட்டத்தின் பெயர் கிழிந்துபோய் "கந்த" என்று கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அப்பத்தாவுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பெயர் நினைவிருந்தால் வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதி அனுப்புங்கள்.